முனகும், சுற்றாது

மனித குலம் கண்டுபிடித்தவற்றில் நெருப்பு, சக்கரம், எழுத்து எல்லாம் சில்லறைச் சமாச்சாரங்கள். ஆகப் பெரியது பதிவேடு. மற்றவை தேயும், மாறும், துருப்பிடிக்கும். பதிவேட்டில் ஏறிய பொருள் மட்டும் ஏறிய நிலையிலேயே நிற்கும்; நிற்க மறுத்தால் நிற்க வைக்கப்படும். இந்தப் பேருண்மையைச் சோலையப்பன் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பொட்டலில் எழுந்திருந்த பொறியியல் கல்லூரி விடுதியில்தான் கற்றுக்கொண்டார்.

சோலையப்பன் அரிமளம் கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. மகன் விக்ரமோ மின்பொறியியலில் நான்கு ஆண்டுகளை முடித்துவிட்டான். ஓசூரில் மின்விசிறி செய்யும் கம்பெனி ஒன்று அவனைத் ‘தர ஆய்வுப் பொறியாளர்’ என்று எடுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அசல் சான்றிதழ்களோடு அங்கே போய் நிற்க வேண்டும். சான்றிதழ் கைக்கு வர, அறையைக் காலி செய்த படிவத்தில் வார்டன் கையெழுத்து வேண்டும். ஆபீஸ் நாலு மணிக்கு மூடிவிடும். அப்போது மூன்றேகால்.

மெத்தை, பக்கெட், நான்கு வருஷமாய்த் திறக்காத புத்தகப் பெட்டி எல்லாம் குட்டியானை வண்டியில் ஏறியாயிற்று. வார்டன் தேனப்பன் பதிவேட்டோடு அறைக்கு எழுந்தருளினார். கட்டில் ஒன்று, சரி. மேசை ஒன்று, ஒரு கால் ஆடும்; ஆட்டிப் பார்த்தார், ஆடியது, மகிழ்ந்தார். சுவிட்சைப் போட்டார். மின்விசிறி ஜம்மென்று சுற்றியது. வார்டன் முகம் இருண்டது.

“அய்யா, இது சுத்துதே.”

“ஆமா சார். பையனைக் கொண்டாந்து விட்ட அன்னிக்கு வெறுமனே மொனகிக்கிட்டுக் கெடந்துச்சு. நாந்தான் கண்டன்சர் மாத்திவிட்டேன்.”

வார்டன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ‘மின்விசிறி 1. முனகும், சுற்றாது.’ கீழே முத்திரை. கொடுத்த நிலையிலேயே திருப்பித் தருவதுதான் விடுதி விதி. சுற்றுகிற விசிறியை வாங்கி வைத்துக்கொண்டால், முனகுகிற விசிறி எங்கே போனது என்று தணிக்கையில் கேட்பார்கள். அவர் என்ன பதில் சொல்வார்?

பதிவேட்டைத் திருத்திவிடலாமே என்றார் சோலையப்பன். அதற்கு மூவர் குழு கூட வேண்டும், அந்தக் குழுவை நியமிக்க வேண்டிய குழு இன்னும் நியமிக்கப்படவில்லை என்று வார்டன் விளக்கினார்.

மணி மூன்றரை. முப்பது வருஷமாய் ஓடாததை ஓட வைத்த கை, இப்போது ஓடுவதை நிறுத்தக் கிளம்பியது. சுவிட்சை அணைத்து, மகனைக் கட்டில்மேல் ஏற்றினார்.

“விக்ரமு, அந்தக் கண்டன்சரைக் கழட்டு.”

விக்ரம் மேலே பார்த்தான். கீழே பார்த்தான். “எதுப்பா அது?”

“நாலு வருசமா இதைத்தானேடா படிச்சே?”

“படத்துல பாத்திருக்கேம்ப்பா. அதுல ரெண்டு கோடாத்தான் இருந்துச்சு.”

சோலையப்பனே ஏறிக் கழற்றினார். சுவிட்சைப் போட்டதும் விசிறி உம்மென்று முனகியது, அசையவில்லை. வார்டன் கச்சேரி கேட்பவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அசல் முனகல் என்று சிலாகித்துப் பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியே ஒரு காற்று வந்து றெக்கையைத் தொட்டது. கண்டன்சர் இல்லாத விசிறிக்கு ஒரு தள்ளு போதும். அது பாட்டுக்குச் சுற்றத் தொடங்கிவிட்டது. பேனா மூடிக்கொண்டது.

ஜன்னலைச் சாத்தலாம் என்றால், ‘ஜன்னல் 1. சாத்த வராது’ என்றது பதிவேடு. நல்லவேளையாக அதைச் சோலையப்பன் சரிசெய்திருக்கவில்லை.

மணி மூன்று ஐம்பது. மறுபடி சுவிட்சை அணைத்தார்.

“ஏறி றெக்கையைப் புடிச்சுக்கடா. சார் கையெழுத்துப் போடுற வரைக்கும் விட்றாதே.”

விக்ரம் ஏறிப் பிடித்தான். சுவிட்ச் போடப்பட்டது. விசிறி முனகியது, சுற்றவில்லை. விதி காப்பாற்றப்பட்டது. அவன் கல்லூரி வாழ்வில் செய்த முதல் ‘செய்முறைப் பயிற்சி’யும் இனிதே நிறைவேறியது.

வார்டன் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்துமுன் கடைசி வரியைத் தகப்பனார்தான் நிரப்ப வேண்டும் என்று படிவத்தை நீட்டினார். ‘மாணவர் 1. சேர்ந்தபோது: துறை அறிவு இல்லை’ என்று முன்பே எழுதியிருந்தது. ‘செல்லும்போது’, ‘சேதாரம்’ என்ற இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன.

சோலையப்பன் நிமிர்ந்து மகனைப் பார்த்தார். அவன் றெக்கையைக் கட்டிப்பிடித்தபடி, “அப்பா, இதுல கரண்டு எங்கிட்டிருந்துப்பா வருது?” என்று கேட்டான்.

“குடுத்தபடியே இருக்கான் சார்” என்று சொல்லி, முதல் கட்டத்தில் அதையே எழுதினார். சேதாரம் என்ற கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: நான்கு வருஷம்.

இத்தனை துல்லியமாக இந்தப் படிவத்தை இதுவரை யாரும் நிரப்பியதில்லை என்று வார்டன் மனதாரப் பாராட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.