கம்ப்யூட்டர் செத்த கதை

நம்மவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். உயிரோடு இருக்கும் கம்ப்யூட்டருக்கு எந்த மனைவியும் புது உறுப்பு வாங்கித் தரமாட்டாள். ஆகவே கம்ப்யூட்டர் சாக வேண்டும்.

அவருக்கு லாரி ஓட்டும் விளையாட்டில் பைத்தியம். புதிதாக வந்த விளையாட்டில் மலைப்பாதை இருந்தது. பழைய கம்ப்யூட்டரில் அதன் முதல் வளைவில் திருப்பினால் லாரி ஒரு பக்கம், மலை ஒரு பக்கம் என்று படம் அப்படியே உறைந்துவிடும். நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் லாரி நகரும். அந்தக் கார்டு தின்கிற கரண்டுக்கு, பெட்டிக்குள் கரண்டு தருகிற பழைய பவர் சப்ளை தாங்காது, அதையும் மாற்றியாக வேண்டும். மனைவியிடம் லாரியைப் பற்றி மூச்சு விடவில்லை. “உன் வேலைக்குத்தாம்மா கேக்கறேன்” என்றார். அவள் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவள். “இருக்கறதே எனக்குப் போதுங்க” என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டாள்.

ஒருநாள் காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டார். பவர் சப்ளையின் முதுகில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. அதை அணைத்துவிட்டு, முன்பக்கப் பொத்தானை நாலு தரம் அமுக்கிப் பார்த்தார். பெட்டி மூச்சு விடவில்லை.

“ஐயையோ!” என்று அவர் போட்ட சத்தத்தில், அவள் ஈரத் தலையில் துண்டோடு ஓடி வந்தாள்.

“என்னங்க ஆச்சு?”

“போச்சும்மா, எல்லாம் போச்சு! பவர் சப்ளை மண்டையப் போட்டுடுச்சு.”

“நேத்துகூட நல்லா இருந்துச்சே!”

“நல்லா இருக்கறதுதான் பொசுக்குன்னு போகும். மனுஷன் போறதில்லையா?”

“அப்ப புதுசு போடணுமா?”

“போட்டாகணும். போடறதுதான் போடறோம், கூடவே ஒரு கிராபிக்ஸ் கார்டும் போட்டுட்டா...”

“அவசரமில்லைங்க. மெதுவா பாத்துக்கலாம்.”

நம்மவர் ஆடிப்போனார். “அப்ப உன் ஆல்பம்? கல்யாண வீட்டுக்காரங்க சண்டைக்கு வர மாட்டாங்களா?”

“வந்தா பாத்துக்கலாம். நீங்க மனச விட்டுடாதீங்க. ஆபீசுக்குக் கிளம்புங்க.”

கரண்டே இல்லாத கம்ப்யூட்டர் முன்னால் நின்று ஷாக் அடித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்.

அதன் பிறகு வந்த சாயங்காலங்கள் அனுமார் வால் போல நீண்டன. “சும்மாதானே இருக்கீங்க” என்று ஒருநாள் வெங்காயக் கூடை மடிக்கு வந்தது. மறுநாள் ஒழுகுகிற குளியலறைக் குழாய். அடுத்து, கல்யாணமான நாளிலிருந்து யாரும் ஏறாத பரண். நடுவில் மகளுக்குப் பின்னக் கணக்கு. அதில் மகளைவிட அவர்தான் அதிகமாக அழுதார். ஸ்விட்சைத் தட்டிவிட்டு லாரியில் ஏறிவிடலாமா என்று கை பரபரக்கும். தட்டினால் கம்ப்யூட்டர் பிழைக்கும், கார்டு செத்துவிடும். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர் யாரிடம் போய் அழுவார்?

கடைசியில் அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டே அவரே வாயைத் திறந்தார்.

“ஏம்மா, அந்தக் கல்யாண வீட்டுக்காரங்க ஆல்பம் கேக்கவே இல்லையா?”

“கேட்டாங்க. குடுத்துட்டேன்.”

“குடுத்துட்டியா? எதுல பண்ணின?”

“நம்ம கம்ப்யூட்டர்லதான்.”

கரண்டி குழம்புக்குள் விழுந்தது. “அதுதான் செத்துப்போச்சே!”

“காலைல நீங்க தெருமுனை தாண்டினதும் பிழைச்சுக்கும். சாயங்காலம் உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் திரும்பச் செத்துடும்.”

பேயறைந்தவர் போல நின்றார். “உனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க உத்தியோகம் என்ன?”

“மிக்சி கம்பெனியில ஃபோன்ல புகார் கேக்கறது.”

“மிக்சி ஓடலைன்னு அழறவங்ககிட்ட முதல்ல என்ன கேப்பீங்க?”

“ஸ்விட்ச்... போட்டிருக்கீங்களான்னு...”

“லீவு நாள்லகூட வீட்ல உக்காந்து அதைத்தானே கத்தறீங்க? நானும் தேடினேன். முன்னாடி இல்ல, பின்னாடி இருந்துச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா பரண் யாரு சுத்தம் பண்றது?”

இந்த வீட்டில் பவர் எங்கிருந்து சப்ளை ஆகிறது என்பது அவருக்கு இத்தனை வருஷம் கழித்துத்தான் புரிந்தது. வசவுக்குத் தயாராகத் தலையைக் குனிந்தார். வந்ததோ வேறு.

“நாளைக்கே போயி பவர் சப்ளையும் கார்டும் வாங்கிட்டு வாங்க. ஆல்பம் காசு இருக்கு. எனக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டீங்க?”

“ஆமாம்மா, உனக்காகத்தான்” என்றார், கூச்சமே இல்லாமல்.

மறுநாள் பெட்டியைப் பிரித்து, பழைய பவர் சப்ளையை அதன் ஒயர்களோடு கழற்றி எடுத்து, புதியதை மாட்டித் திருகினார். கார்டைப் பள்ளத்தில் வைத்து ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அமுக்கினார். கடவுளே என்று பொத்தானைத் தட்டினார். பெட்டி உறுமியது. திரையில் மலை நின்றது, இலை இலையாக மரங்களோடு. அவருக்குக் கண் கலங்கியே விட்டது. அந்த முதல் வளைவில் லாரி வெண்ணெயாகத் திரும்பியது.

தோளில் ஒரு கை விழுந்தது.

“எந்திரிங்க.”

“இப்பத்தானேம்மா உக்காந்தேன்!”

“படம் என்னமா இருக்கு! நீங்க எனக்காகப் போட்டது வீணாப் போகக் கூடாதுன்னு, கல்யாண வீடியோ வேலையும் சேத்து ஒத்துக்கிட்டேன். பகல்ல ஆல்பம், சாயங்காலம் வீடியோ.”

“சாயங்காலம் நான் என்ன பண்றது?” குரல் அவருக்கே கேட்கவில்லை.

“மாடி வீட்டு அக்கா ஜன்னலுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கணுமாம். நீங்க சும்மாதான் இருப்பீங்கன்னு சொல்லிட்டேன். பிரஷ் அவங்களே வாங்கி வெச்சிருக்காங்க.”