தேக்கு இறக்கை

ஒரு மனிதனுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூக்கம் வரவில்லை என்றால் வீட்டில் உள்ளவர்கள் உஷாராகிவிட வேண்டும். அப்படித் தூக்கம் வராத ஒரு மத்தியானத்தில்தான், யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் கார் கொட்டகையில் மர விமானம் செய்வதைக் கைப்பேசியில் பார்த்தேன். இழைத்தார், ஒட்டினார், பறந்தார். இறங்கி வந்து காபி வேறு குடித்தார். (அந்தக் காபிதான் என்னைக் கெடுத்தது. அவ்வளவு சுலபம் போலத் தெரிந்தது.)

அப்போது எனக்கு நாற்பது வயது. கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. சேரன்மகாதேவியில் வாடகை வீடு. பக்கத்திலேயே மனை வாங்கிப் போட்டிருந்தோம், கட்டத்தான் நேரம் வரவில்லை. கட்டப்போகும் வீட்டைப் பற்றி என் மனைவி செண்பகத்துக்கு ஒரே ஆசை: தலைவாசல் தேக்கில் இருக்க வேண்டும், நிலையும் கதவுமாக. அவளுடைய அண்ணன் திருநெல்வேலியில் மரக்கடை வைத்திருக்கிறார். தங்கை வீட்டுத் தலைவாசலுக்கு மரம் கொடுப்பது தன்னுடைய சீர் என்று, நல்ல தேக்காகப் பார்த்துக் கடைக்குப் பின்னால் ஒதுக்கியும் வைத்திருந்தார்.

நான் அவரிடம் போனது அந்தத் தேக்குக்காக இல்லை. விமானத்துக்கு லேசான மரம் வேண்டும் என்று, நான் இணையத்தில் வாங்கிய வரைபடத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. அதில் சொல்லியிருந்த மரம் இங்கே கிடைக்காது. பெட்டி அடிக்கிற பைன் பலகையில் கணு இல்லாததாகப் பொறுக்கலாமா, மலைவேம்பில் பார்க்கலாமா என்று கேட்டேன். மச்சானின் முகம் சுருங்கிவிட்டது.

"ஆப்பிள் பெட்டி அடிக்க பலகையிலயா மாப்ள நீரு ஏறிப் போவீரு? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா, தங்கச்சி மாப்ளைக்கு மட்ட மரத்தக் குடுத்துட்டான்னு ஊரு என்னையத்தானவே சொல்லும்?"

"லேசா இருந்தாத்தான் பறக்கும் மச்சான்."

"லேசா இருக்கது முறிஞ்சிரும்வே. மரம்னா தூக்கும்போது இடுப்பு பிடிக்கணும்."

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் தைரியம் இல்லை. பெண் கொடுத்த வீட்டில் சீர் என்று நீட்டும்போது, எனக்கு மட்டமானதே போதும் என்று எந்த மாப்பிள்ளை சொல்லியிருக்கிறான்? சாயங்காலமே தலைவாசல் தேக்கு லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. செண்பகம் அதைத் தடவிப் பார்த்தாள்.

"இது என் கதவுல்லா?"

"இவ்வளவும் வேண்டியிருக்காது. மிச்சத்துல கதவு பண்ணிருவோம்" என்றேன். மிச்சம் என்று ஒன்று வரவேயில்லை.

அடுத்தது இஞ்சின். ஒரு ஆள் தூக்கிவிடக்கூடிய சின்ன இஞ்சின் போதும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஆனால் இறக்கையைத் திருப்பிப் போடவே மரக்கடையிலிருந்து ஆட்கள் வரவேண்டியிருந்தது. ஆகவே ஒரு பழைய வேனின் இஞ்சினை வாங்கினேன். அதன் கனத்துக்கு முன்பக்கச் சட்டம் ஆடியது. மச்சான் இன்னும் தடித்த தேக்கு அனுப்பினார். அந்தத் தேக்குக்கு வேன் இஞ்சின் போதவில்லை, ஜீப் இஞ்சினுக்கு மாறினேன். ஜீப் இஞ்சினுக்கு மறுபடி மரம். மரம் இஞ்சினைக் கேட்டது, இஞ்சின் மரத்தைக் கேட்டது, செண்பகம் கதவைக் கேட்டாள். எனக்கு அலுத்துவிட்டது. பறக்கிற ஆசையெல்லாம் ஜீப் இஞ்சினோடு போய்விட்டது. ஆனால் சீர் மரத்தை அறுத்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

பறப்பதற்கு முறையான அனுமதி வேண்டும் என்று தெரியும். முதலில் தரையில் ஓட்டிப் பார்ப்போம் என்று, பிசான நெல் அறுத்த ஒரு வயலில் கொண்டுபோய் நிறுத்தினோம். டிராக்டர்தான் இழுத்து வந்தது. (அந்த விமானம் தன் வாழ்நாளில் போன அதிகபட்ச வேகம் அதுதான்.) சொந்தக்காரர்கள் இட்லிப் பொட்டலத்தோடு வந்துவிட்டார்கள். மச்சான் பட்டு வேட்டி கட்டி வந்து, நிலை வைக்கிற மாதிரியே மஞ்சளும் குங்குமமும் வைத்து, தேங்காய் உடைத்து, மூக்கில் இருந்த விசிறிக்கு ஒரு செவ்வந்தி மாலையும் போட்டார்.

"மாலையக் கழட்டிருங்க மச்சான்."

"நல்ல காரியத்துக்குப் போட்டதக் கழட்டப்புடாது மாப்ள. நீரு ஓட்டும்."

ஓட்டினேன். முதலில் மாலைதான் பறந்தது. அறுந்து, ஓரமாக நின்ற மச்சானின் முகத்தில் பூப்பூவாக அப்பியது. பதறிப்போய் விசையைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டேன். விமானம் ஆடிக்கொண்டே கொஞ்சம் உருண்டது. பிறகு சக்கரம் ஈரம் காயாத இடத்தில் இறங்கியது, மூக்கு பைய மண்ணைப் பார்க்கக் குனிந்தது, வால் எழும்பியது.

"ஏலே, தூக்கிட்டுலே!" என்று யாரோ கத்த, எல்லோரும் கைதட்டினார்கள்.

விசிறி மண்ணில் மோதிச் சிதறி, இஞ்சின் நின்றுபோனது. நான் பெல்ட்டில் தலைகுப்புறத் தொங்கிக்கொண்டு சேரன்மகாதேவிச் சேற்றை மிக அருகில் பார்த்தேன். மச்சான் ஓடி வந்தார். என்னைத் தாண்டிப் போய் இறக்கையைத் தட்டிப் பார்த்தார்.

"பாத்தீரா மாப்ள, ஒரு கீறல் இல்ல! பைன் பலகைன்னா இன்னேரம் சுள்ளி பொறுக்கணும்."

(நான் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தேன்.)

செண்பகமும் முதலில் இறக்கையிடம்தான் போனாள். கையை விரித்துச் சாண் போட்டு அளந்தாள்.

"அண்ணே, இதுல என் தலைவாசல் தேறுமா?"

"தாராளமாத் தேறும்மா."

அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பி, "அடி பட்டுட்டா?" என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்காகவா கதவுக்காகவா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த தை மாதமே வீட்டுக்குக் கடைக்கால் போட்டோம். ஜீப் இஞ்சின் கலவை இயந்திரத்தைச் சுழற்றியது. அதை வைத்து நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். இறக்கையின் நீளச் சட்டங்கள் நிலையாயின, மற்றதெல்லாம் கதவானது. நிலை வைத்த அன்று மச்சான் மறுபடி பட்டு வேட்டியில் வந்து மாலை போட்டார். அன்று அது போட்ட இடத்திலேயே இருந்தது.

கதவில் இறக்கையின் கம்பி போன துளை ஒன்று அப்படியே இருக்கிறது. அதை அடைக்க செண்பகம் விடவில்லை. வேலை முடிந்து நான் அலுத்து வந்து கதவைத் தட்டினால், திறப்பதற்கு முன் அந்தத் துளையில் ஒரு கண் தெரியும்.

"பறந்தா வாரீய?"

"பஸ்ல" என்பேன். அதன் பிறகுதான் கதவு திறக்கும், பைய. அவ்வளவு கனம்.