பின்பெட்டித் தண்ணீர் குறித்து மூவார் மச்சானுக்கு

உலு திராம்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மூவார் மச்சான் சின்னத்தம்பி அவர்களின் சமுகத்திற்கு, உங்கள் தங்கை காளியம்மாவின் கணவன் குணாளன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அங்கே உங்கள் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டுமென்று முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கைப்பேசி இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், நான் பாதியில் போனை வைத்துவிடுவேன், இரண்டுக்கும் நடுவில் விஷயம் காணாமல் போய்விடும். அதனால் எழுதுகிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் கிடைக்காமல் எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

விஷயம் என் காரைப் பற்றியது. தயவுசெய்து சிரிக்க வேண்டாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், துணிக் கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளும் அந்த இரண்டு இருக்கைக் காரைப் பழையதாக வாங்கி வந்தேன் அல்லவா, அன்று உங்கள் தங்கை வாசலிலேயே நின்று கேட்டாள்: "மூணு மணியானா மழ கொட்டற ஊர்ல கூர மடக்கற காரா? ஒங்களுக்கு வெவரம் சொல்ல ஒரு ஆளு கெடைக்கலியா?" கூரையைத் திறந்துவிட்டு உன்னை மூவாருக்கு உன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன், தலைமுடி பறக்கப் போகலாம் என்று வாக்குக் கொடுத்தேன். "இருக்கற நாலு முடியும் பறக்கவா" என்று சொன்னாளே தவிர, அவள் முகத்தில் ஆசை இருந்தது. நான் பார்த்தேன்.

வாங்கிய முதல் வாரமே பின்பெட்டியில் தண்ணீர். பூட் என்று சொல்வோமே, அங்கே விரிப்பைத் தூக்கினால், மாற்றுச் சக்கரம் வைக்கும் பள்ளத்தில் ஒரு கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு தண்ணீர். மச்சான், நான் முப்பத்தொரு வருஷம் தண்ணீர் இலாகாவில் கசிவு கண்டுபிடிக்கிற பிரிவில் இருந்தவன். ரோட்டுக்கு அடியில் ஒழுகும் குழாயை, இரும்புக் கம்பியை ஊன்றிக் காதை வைத்துக் கேட்டே இடம் சொன்னவன். என் வீட்டு வாசலில் நிற்கும் காரில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று சொல்ல முடியவில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப மானம் இடம் கொடுக்கவில்லை. காளியம்மாவின் முகப் பவுடரை எடுத்துப் பெட்டியின் ரப்பர் விளிம்பெல்லாம் பூசி, தண்ணீர் ஊற்றி, எங்கே ஈரக்கோடு விழுகிறது என்று பார்த்தேன். பவுடர் தீர்ந்தது, கோடு விழவில்லை, அவள் ஒரு கல்யாணத்துக்குப் பவுடர் இல்லாமல் போனாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருவர் டார்ச் லைட்டோடு பெட்டிக்குள் படுத்து, இன்னொருவர் வெளியிலிருந்து தண்ணீர் அடித்தால்தான் தெரியும் என்று முடிவு செய்தேன். அந்தப் பெட்டி அரை ஆளுக்குத்தான் போதும். நான் முழு ஆளாகப் போய்ப் படுத்தேன். அவள் மூடியைச் சாத்தினாள், தண்ணீரைத் திருப்பினாள், அவ்வளவுதான், போன் மணி அடித்தது. மூவாரிலிருந்து நீங்கள். ரப்பர் குழாயைக் காரின் மேலேயே போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள். உங்கள் வீட்டு ரம்புத்தான் மரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று நாற்பது நிமிடம் பேசினீர்கள். அந்த நாற்பது நிமிடமும் நான் முழங்கால் மூக்கில் இடிக்க உள்ளே கிடந்தேன். மரம் நிற்கட்டும் என்று நீங்கள் இருவரும் முடிவுக்கு வந்தது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த நேரத்தில்தான் கண்டுபிடித்தேன். மூடியில் பதித்திருக்கும் பிரேக் விளக்கின் ரப்பர் இற்றுப்போய், அதன் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் கழுத்தில் விழுந்தது. அன்று மாலையே புது ரப்பர் போட்டுச் சுற்றிலும் பசை வைத்து அடைத்தேன். ஜெயித்த சந்தோஷத்தில் அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள்.

அந்த வாரம் அதிசயமாக மழையே இல்லை. அடுத்த வாரம் பெய்தது. பெட்டியில் முன்னைவிட இரண்டு மடங்கு தண்ணீர்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் மச்சான். பெட்டி ரப்பரை மாற்றினேன், பின்விளக்குகளைக் கழற்றி மாட்டினேன், ஏரியலின் அடியைப் பிரித்தேன். ஞாயிறு தவறாமல் நான் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்க, அவள் டீயோடு வந்து நிற்பாள். "செத்த நேரம் உள்ள வந்து ஒக்காருங்களேன். ஒங்க முதுகப் பாத்துப் பேசிப் பேசி எனக்கு மொகமே மறந்துபோச்சு." நான் சொல்வேன், "இதோ, இந்த ஒரு ஸ்க்ரூதான்." டீ ஆறிப்போகும். அவள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறும் நான் பெட்டிக்குள்தான் இருந்தேன். நெஞ்சில் ஏதாவது செய்ததா என்று அவள் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்த்துக் கேட்கவும் இல்லை. மூவாருக்கு அவளைக் கூட்டி வரவே இல்லை.

அவள் போன பிறகு காரின் மேல் ஒரு கிழிந்த தார்பாயைப் போட்டு மூடிவிட்டேன். போன மாதம் கொசு ஒழிப்புக்காக வீடு வீடாக வந்த சுகாதார அதிகாரி, ஒரு மலாய்ப் பெண், பின்பெட்டியைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பாக்சிக், பெலா இக்கான் கா?" என்று, மாமா, மீன் வளர்க்கிறீர்களா என்று, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார். உள்ளே புழுக்கள் நெளிந்தன. இரண்டு வாரத்தில் சரி செய்ய வேண்டும் என்று உத்தரவு. மகள் சாந்தினி சிங்கப்பூரிலிருந்து போன் போட்டாள். "வித்துருங்கப்பா. அம்மாவே இல்ல, யார வச்சு ஓட்டப் போறீங்க?" பெக்கான் நானாஸில் வாங்க ஓர் ஆளும் பிடித்துவிட்டாள். பெட்டி காய்ந்திருந்தால் வரும் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறாராம்.

இனி மானம் எதற்கு என்று திருச்செல்வத்தின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "அண்ணே, கூரையிலேர்ந்து வடியற தண்ணி கீழ போறதுக்கு சீட்டுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் ஓட்ட இருக்குலா. அதப் பாத்தீங்களா?" நான் பார்க்கவில்லை. வடிகால் அடைத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்று முப்பத்தொரு வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். அவர் புல் வெட்டும் மெஷினின் நைலான் கயிற்றை அந்த ஓட்டைக்குள் விட்டுக் குத்தினார். காருக்கு அடியில் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. அதோடு ஒரு சின்ன முடிச்சும் விழுந்தது.

கழுவிப் பார்த்தால் மஞ்சள். என் கைக்குட்டையின் மூலை, நான் வாஷிங் மெஷின் தின்றுவிட்டது என்று சண்டை போட்ட அதே கைக்குட்டை, மஞ்சளில் நனைத்து, உள்ளே ஐம்பது காசு வைத்து முடிந்தது. வேண்டுதல் முடிச்சு மச்சான். உங்கள் தங்கை போடும் முடிச்சு எனக்குத் தெரியாதா? சாமி படத்துக்குக் கீழே வைக்க வேண்டியது. நான் கேலி பேசுவேன் என்று, நான் பார்க்காத இடமாகத் தேடி வைத்திருக்கிறாள். அந்தக் காரில் நான் கை வைக்காமல் விட்டது அந்த ஒரே இடம். ஒர்க்‌ஷாப் நடுவில் நின்று அழுதேன். திருச்செல்வம் வேறு ஒரு காரின் டயரைப் பார்த்துக்கொண்டே, "டீ சொல்லட்டாண்ணே" என்றார்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். வேண்டியது பலித்திருந்தால் அந்தக் காசைக் கோயில் உண்டியலில் சேர்க்க வேண்டும். பலிக்கவில்லை என்றால் அப்படியே வைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் என்ன வேண்டிக்கொண்டாள்? குருக்களைக் கேட்டேன். "வேண்டிக்கிட்டவங்களத்தான் கேக்கணும்" என்றார். அது எனக்கும் தெரியும். என் சர்க்கரைக்காக என்றால் பலித்துவிட்டது. சாந்தினி கல்யாணம் என்றால் இன்னும் இல்லை. உங்கள் முழங்கால் என்றால் நீங்கள்தான் நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்குப் பயமெல்லாம் வேறு. தன் நெஞ்சு வலி முன்பே தெரிந்து, என்னிடம் சொல்லாமல் அதற்காக முடிந்து வைத்தாளோ? அப்படி என்றால், அவள் உயிருக்கு வேண்டிக்கொண்டு நிற்க, நான் இரண்டடி தள்ளி ஒரு ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி அக்காவுக்குத் தெரிந்திருக்கும், அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். தினமும் உங்களிடம் பேசினாளே மச்சான், ஏதாவது சொன்னாளா? அவள் திதி அடுத்த மாதம். அதற்குள் தெரிய வேண்டும். எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

கார் சனிக்கிழமை போய்விடும். வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு ஆசி. ரம்புத்தான் மரத்தையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
குணாளன்.

பின்குறிப்பு: பதில் எழுத வேண்டாம். பெக்கான் நானாஸ்காரரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உறையை ஒட்டும்போது ஞானேஸ்வரி அக்கா ஊரிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். மேசைமேல் முடிச்சைப் பார்த்ததும், "இது எனக்கு முன்னால முடிஞ்சது எல்லோ" என்றார். "நீங்கள் பெட்டிக்குள்ள கிடந்தியளே, அதுக்கு அடுத்த வெள்ளி. இந்தக் கார் ஒழுகிறது நிக்க வேணும், மனுசன் வந்து வீட்டுக்குள்ள என்னோட இருக்க வேணும் எண்டு கட்டினவ." நான் ஒழுகலை அடைத்தது ஞாயிற்றுக்கிழமை மச்சான். அவள் ஓட்டையில் முடிச்சை வைத்தது வெள்ளிக்கிழமை. ஒழுகல் நிற்க வேண்டும் என்று அவள் வைத்த முடிச்சுதான் ஒன்றரை வருஷம் ஒழுக வைத்திருக்கிறது. அக்காவும் நானும் சிரித்தோம், அப்புறம் அக்கா எழுந்து போய்விட்டார். மூன்று மணிக்கு நல்ல மழை. பெட்டியில் ஒரு சொட்டு இல்லை. வேண்டுதல் பலித்துவிட்டது. திதிக்கு நான் மூவார் வந்து உங்களை ஏற்றிக்கொள்கிறேன், கூரையைத் திறந்தே போவோம், உண்டியலில் காசை நீங்கள் போடுங்கள், என்னால் ஆகாது. மழை விட்டதிலிருந்து நான் வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன்.