பழவங்காடியில் நான் செய்த துலாபாரம்

குழந்தைக்கு நோய் தீர்ந்தால் சாமி தீர்த்தது. தீராவிட்டால் டாக்டர் கெடுத்தது. இத்தனை வருஷமாக இந்த அநியாயத்தைப் பார்த்து என் வயிறு எரிகிறது. அதிலும் ஒரு கேஸில் எல்லாப் பெயரும் வெல்லத்துக்குப் போயிற்று!

நான் அப்போது மதராஸில் டாக்டருக்குப் படித்துவிட்டு, திருவனந்தபுரத்தில் புதிதாக வைத்தியம் தொடங்கியிருந்தேன். அப்பா நாகர்கோவில் பக்கம் கிறிஸ்தவ சபையில் உபதேசியார். (மகள் டாக்டர் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார், பாவம்.)

வலியசாலை அக்கிரகாரத்திலிருந்து மீனாட்சி மாமி தன் ஆறு வயசு மகள் செல்லத்தைக் கூட்டி வந்தாள். வலிப்பு. எவனோ ஒரு கம்பவுண்டர் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த புரோமைடு மிக்சரில் குழந்தை பகலெல்லாம் தூங்கி வழிந்தது. எனக்கு வந்ததே கோபம்! தடிமாட்டுக்கும் குழந்தைக்கும் ஒரே கரண்டியா? என்னிடம் புது மாத்திரை இருந்தது. குழந்தையின் எடைக்குத் தக்கபடி கணக்குப் போட்டு, குறைவாகத் தொடங்கி, மெல்ல ஏற்ற வேண்டும் என்பது புத்தக விதி. நானோ விதியை விட்டு மயிரிழை விலகாதவள்.

ஆனால் எடை பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்கு எதிரே ஆறுமுகம் பிள்ளையின் வெல்ல மண்டியில் பெரிய தராசு தொங்கும். தராசு தராசுதானே என்று இருவரையும் கூட்டிப் போனேன்.

"எடைக்கல்லை எல்லாம் வண்டிக்காரன் கொண்டு போயிட்டான், டாக்டரம்மா. வெல்லத்தை வைக்கட்டா? மூட்டை எடை எனக்குத் தெரியும்" என்றார் பிள்ளை.

"எதையாவது வையுங்க" என்றேன். (என் வாயில் மண்ணைப் போட!)

ஒரு தட்டில் குழந்தை, மறு தட்டில் வெல்லம், எதிரே பிள்ளையார். கூட்டம் கூடாமல் என்ன செய்யும்? "துலாபாரமாணோ?" என்றான் ஒருவன், எடைக்கு எடை வெல்லம் சாமிக்கு நேர்ந்திருக்கிறோம் என்று நினைத்து. "மருந்துக்கு எடை பாக்கறோம்!" என்று கத்தினேன். அதற்குள் தட்டு சமமாகிவிட்டது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், மாமி உட்பட.

எடையைக் குறித்துக்கொண்டு, "வெல்லத்தை உள்ளே எடுத்து வையுங்க" என்றேன். பிள்ளை பதறிப்போனார். "சாமிக்கு முன்னால தட்டுல ஏறினதைத் திரும்ப விக்கவா? நான் வெளங்க வேண்டாமா?"

வெல்லம் கோவிலுக்குப் போயிற்று. சேதி நாகர்கோவிலுக்குப் போயிற்று. அப்பா அந்த ஞாயிறு சபையில் எனக்காக விசேஷ ஜெபம் செய்தாராம்!

மாத்திரையில் வலிப்பு நின்றது. சில மாசம் கழித்து மாமி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். வலிப்பு விடாமல் வந்துகொண்டிருந்தது. ஊசி போட்டு, அது அடங்கி, குழந்தை கண் திறக்கும்வரை எனக்கு உயிரே இல்லை.

"மாத்திரை கொடுத்தீங்களா?"

"பிள்ளையார்தான் குணமாக்கிட்டாரே, டாக்டரம்மா. இனி எதுக்குன்னு நிறுத்திட்டேன்."

திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று தொண்டை வறளச் சொல்லியிருந்தேனே! பல்லைக் கடித்துக்கொண்டு, உபதேசியார் மகளான நான் சொன்னேன்: "பிள்ளையாருக்கு உங்க நேர்ச்சை இன்னும் முடியலை, மாமி. தினமும் மாத்திரையை வெல்லத்துல பொதிஞ்சு கொடுக்கணும். குழந்தை வளர வளர மறுபடி எடை போடணும். நான் சொல்லாம நிறுத்தினா பிள்ளையார் சும்மா இருக்க மாட்டார்."

அப்புறம் ஒரு வேளை தவறவில்லை. செல்லம் வளர வளர மாமி வீட்டாரே தராசுக்குக் கூட்டி வந்தார்கள். நானும் எடைக்குத் தக்கபடி மருந்தை ஏற்றினேன். வலிப்பே இல்லாமல் சில வருஷம் போனபின், மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினேன். புத்தகம் எழுதியவனே வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

செல்லத்தின் கல்யாணத்தில் மாமி என்னைச் சம்பந்திகளுக்குக் காட்டினாள்: "இவாதான் எங்காத்துக் குழந்தைக்குத் துலாபாரம் பண்ணி வச்சவா!" மாத்திரை என்று மூச்சு விடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணப்பெண் என் காதோரம் குனிந்தாள். "அந்த மாத்திரை வெல்லத்தையும் மீறிக் கசக்கும், டாக்டரம்மா. எது குணமாக்கித்துன்னு எனக்குத் தெரியும்."

என் வீட்டில் யாருக்கும் தெரியவில்லையே! தம்பி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் இலையில் முதலில் ஒரு வெல்லக்கட்டியை வைத்து, "துலாபாரப் பிரசாதம், அக்கா" என்கிறான். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல் சாப்பாட்டு ஜெபத்தை எனக்காக இன்னும் கொஞ்சம் நீட்டுவார். சோறு ஆறிப்போகும்.