காலுறைத் தேர்வுக் குழுவின் நடவடிக்கைகள்

மனிதகுலத்தின் பெரிய தவறுகளெல்லாம் அவசரத்தில் செய்யப்பட்டவை. 1984 நவம்பரில் ஏற்காட்டில் நான் செய்தது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. என் நாட்குறிப்பே சாட்சி.

என் அத்தா சையத் இப்ராஹிம் பழக்கடை வைத்திருக்கிறார். விடியும் முன்பே நாகலூரிலிருந்து ஆரஞ்சுக் கூடைகள் வந்து இறங்கும். பனித் தரையில் நின்று அவற்றை இறக்கியதில் அவருடைய குதிகால்கள் வெடித்து ரத்தம் கசிந்தன. "குதிகாலை மூடி வைங்க" என்றார் டாக்டர். கடையில் விற்கும் நைலான் காலுறை அத்தாவுக்கு அரிக்கும். நானோ அப்போதுதான் மாலை நேரக் கம்பளிப் பின்னல் வகுப்பில் சேர்ந்திருந்தேன்.

"பனி கூடறதுக்குள்ள கம்பளியில ஒரு ஜோடி பின்னித் தந்துர்றேன் அத்தா" என்று வாக்குக் கொடுத்தேன்.

முதல் நாள் ராஜேஸ்வரி டீச்சர், பின்னத் தொடங்கும் முன் ஊசியில் முதல் வரிசைக் கண்ணிகளை ஏற்றக் கற்றுத் தந்தார். "இதுக்குப் பல முறை இருக்கு. உங்களுக்கு எது வருதோ அதுல ஏத்துங்க" என்றார். இவ்வளவு பொறுப்பற்ற ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. முழுக் காலுறையும் அந்த முதல் வரிசையைப் பிடித்துத்தானே தொங்கப்போகிறது! என் பக்கத்தில் தலைச்சோலை கிராமத்துக் கண்ணம்மாள் அக்கா. பகலெல்லாம் காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்துவிட்டு வருபவர். நான் நோட்டில் ஓரக்கோடு போட்டு முடிப்பதற்குள் அவர் அறுபது கண்ணி ஏற்றிவிட்டார்.

ஆகவே 'கண்ணி ஏற்று முறைத் தேர்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் டீச்சர். உறுப்பினர் கண்ணம்மாள். செயலாளர் நான். தாங்கள் இந்தக் குழுவில் இருப்பது மற்ற இருவருக்கும் தெரியாது.

"டீச்சர், நாலு முறை பரிசீலனையில இருக்கு. கட்டைவிரல்ல சுத்தி ஏத்தறது, நூல்ல வால் விட்டு ஏத்தறது, ஊசியாலயே பின்னி ஏத்தறது, கயிறாட்டம் முறுக்கி ஏத்தறது."

"ஷஹீதா, ஒரு கண்ணிகூட இன்னும் ஏத்தலையா நீ?"

"ஏத்தினா ஒரு முறைக்குச் சாதகமாப் போயிருமே டீச்சர்."

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 'ஒருமனதாக ஏற்கப்பட்டது' என்று குறித்துக்கொண்டேன்.

டிசம்பர் வந்தது. அத்தா குதிகாலில் பழந்துணியைச் சுற்றியபடி கேட்டார்: "என்ன கண்ணு, காலுக்கு ஏதாச்சும் வருமா?"

"கொள்கை அளவுல முடிவாயிருச்சு அத்தா."

"சரி கண்ணு. கொள்கைய எந்தக் கால்ல மாட்டறது?"

அதே வாரம் கண்ணம்மாள் அக்காவின் வீட்டுக்காரர் மூக்கன் புதுக் காலுறையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். குழு அதைக் கூர்ந்து ஆராய்ந்தது. கண்ணி ஏற்றிய மேல் ஓரம் அலை அலையாக இருந்தது. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்.

"அக்கா, நீங்க ஏத்தின முறைக்கு என்ன பேரு?"

"பேரா? இறுக்கிப்புடுமோன்னு பயந்துக்கிட்டு ரெண்டு ஊசியச் சேத்துப் புடிச்சு ஏத்துனேன். பொறகு ஒண்ண உருவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு சாமி, பேரெல்லாம் எங்க வெக்கறது?"

பெயரில்லாத முறை. பரிசீலனைக்குத் தகுதியற்றது.

ஜனவரியில் 'கயிற்று முறை' வென்றது. அதன் ஓரம் அவ்வளவு உறுதி, அவ்வளவு ஒழுங்கு. சோதனையும் நடத்தினேன். அத்தாவைக் கூப்பிட்டால் "கடையப் பாக்கணும் கண்ணு" என்பார், காலையும் ஆட்டுவார். அவருடைய டீ ஃப்ளாஸ்க்கோ வைத்த இடத்தில் நிற்கும். நாடாவால் அளந்தேன். ஃப்ளாஸ்க்கின் இடுப்பும் அத்தாவின் கணுக்காலும் ஒரே அளவு! பின்னப் பின்ன அதில் மாட்டிப் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை.

ஜனவரி கடைசியில் காலுறைகள் தயார். அத்தா பிஸ்மி சொல்லிக் காலை நீட்டினார். விரல்கள் நுழைந்தன. பாதம் பாதிவரை நுழைந்தது. குதிகாலுக்கு வந்ததும் அந்த உறுதியான, ஒழுங்கான ஓரம் ஒரு நூலிழைகூட விரிய மறுத்து நின்றது. நான் இழுத்தேன். அத்தா பல்லைக் கடித்தார். ஆறத் தொடங்கியிருந்த வெடிப்பு மறுபடி பிளந்து, வெள்ளைக் கம்பளியில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது.

"நொம்ப அழகா இருக்குது கண்ணு" என்றார் அத்தா, காலை மெதுவாக வெளியே எடுத்து.

மறுநாள் வகுப்பில் இதை விளக்கினேன். கண்ணம்மாள் அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏங் கண்ணு, ஃப்ளாஸ்க்குக்கு ஏது குதிகாலு?"

இந்தக் கேள்வி குழுவின் சார்பில் நான் எழுதிய நாற்பத்திரண்டு பக்க அறிக்கையில் எங்கும் இல்லை.

இப்போது ஃப்ளாஸ்க்தான் காலுறை போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறது. பாதப் பகுதி அதன் தலைமேல் குல்லா மாதிரி மடிந்து கிடக்கிறது. "எம் மக பின்னுனது" என்று அத்தா எல்லோரிடமும் காட்டுகிறார். டீ மதியம்வரை சூடாக இருக்கிறதாம். எங்கள் வீட்டிலிருந்து தினமும் இருவர் பனியில் கிளம்புகிறார்கள். குதிகால் இல்லாதவருக்குக் கம்பளி. குதிகால் உள்ளவருக்குப் பழந்துணி. இந்த ஏற்பாட்டைத் தீர யோசித்து, அவசரமே படாமல் செய்து முடித்தவர் குழுவின் செயலாளர்.