இழவு வீட்டில் இரண்டு விசில்

நான் இரண்டே விசிலில் ஒரு பெண்ணின் மானத்தை வாங்கியவன். (நான் அடித்த விசில் இல்லை. அவசரப்படாதீர்கள்.)

அப்போது செங்கல்பட்டில் கல்யாண வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுச் சமையல் சத்தங்களையெல்லாம் மைக் வைத்துப் பதிவு செய்து வைத்திருந்தேன். முறத்தில் அரிசி புடைத்தால், வீடியோவில் அது மாமல்லபுரத்துக் கடல். அம்மாவின் அடுப்பங்கரை இருந்தால் உலகத்தையே செய்துவிடலாம் என்று அவ்வளவு கொழுப்பு.

செய்யூரில் பெரியப்பா தவறிவிட்டார். சாவன்று எடுத்த காட்சிகளைப் பதினாறாம் நாள் காரியத்துக்கு நினைவு வீடியோவாக்கினேன். சவுக்குத்தோப்புக் காற்று ஒலிப்பதிவைக் கெடுத்திருந்தது. எல்லாவற்றையும் தூக்கிவிட்டு என் சரக்கைப் போட்டேன்.

பந்தலில் டிவி வைத்து ஓட்டினோம். முதலில் சுடுகாடு. (கதையைப் பின்னாலிருந்து சொன்னால்தான் கலை என்று நம்பிய வயது.) சோவென்று மழைச் சத்தம். சுடுகாட்டுக்கு வராத பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெரியப்பாவின் தங்கை, என் அத்தை, நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு இங்க ஒரு சொட்டு இல்ல. அங்க எங்கண்ணனுக்கு வானமே அழுதுகினு கீது பாரு!"

அடுத்து, அன்று காலை வீட்டு வாசல். உள்ளே பெரியப்பாவைக் கிடத்தியிருக்கிறார்கள். காட்சி வெறிச்சென்று இருக்கிறதே என்று 'வீடு' என்ற ஃபைலைப் போட்டிருந்தேன். குக்கர் இரண்டு விசில் அடித்தது. கடுகு வெடித்தது.

பிணம் எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். (எனக்கும் தெரியும். எடிட்டிங்கில் உட்கார்ந்தால் எதுவும் தெரியாது.)

அத்தை பெரியப்பாவின் மருமகள் பக்கம் திரும்பினார். என் அண்ணி. கல்யாணமாகி ஆறே மாதம்.

"பொணத்த நடுவூட்ல வச்சிகினு கொழம்பா தாளிச்ச?"

"ஐயோ, நான் அடுப்பையே தொடலியே!" அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தவர் அவர்.

அவர் புருஷன், என் அண்ணன், தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். ஊரெல்லாம் 'எல்லாம் ஒரிஜினல் சவுண்டு' என்று பீற்றியிருந்தேனே! அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றும் என்னைச் செருப்பால் அடிக்கலாம். அண்ணி உடைந்து அழ ஆரம்பித்த பிறகுதான் எழுந்தேன்.

"அத்த, அது எங்க வூட்டு குக்கரு. நான்தான் போட்டேன்."

அத்தை என்னையே பார்த்தார். "அப்ப அந்த மழ?"

"அப்பளம் பொரிச்சது, அத்த."

பந்தலில் யாரோ சிரித்துவிட்டார்கள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சாவன்றுகூட அழாத அழுகை அழுதார்.

இன்றும் குடும்பத்தில் எங்கே கூடினாலும், மழை பிடித்தால், "டேய், அப்பளம் பொரியுதா பாரு!" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணியின் குரல்தான் முதலில் வரும். அத்தை மட்டும் எழுந்து வாசலுக்குப் போய், கையை நீட்டி, நனைகிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.