சாம்பாரும் ப்ளஸ் டூவும்

சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரரைத்தான் காணவில்லை.

"இப்பதான் சார் இங்க நின்னுகினு இருந்தாரு" என்றார் மேனேஜர் ஏசுதாஸ். கதவுக்குப் பின்னால் பார்த்தார். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று காலி அண்டாவுக்குள்ளும் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

வாசுதேவன் சமையலறை வாசலிலேயே நின்றான். அவனுக்குப் பின்னால் ப்ளஸ் டூ மாணவர்கள் ஐந்து பேர், வெளுத்த சட்டையும் படிய வாரிய தலையுமாக, பிரேயருக்கு நிற்பதுபோல வரிசையாக நின்றார்கள். மகாபலிபுரத்தில் அந்த நீலக்கடல் லாட்ஜ்தான் அவர்களுக்குத் தொழிற்பயிற்சி தர ஒப்புக்கொண்டிருந்தது. சமையல்காரர் அப்பாசாமிதான் பயிற்சி தரவேண்டியவர்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அது. ப்ளஸ் டூ வந்த புதிது. படிப்போடு ஒரு தொழிலையும் சொல்லித் தருவது என்று முடிவாகி, செங்கல்பட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு 'உணவு தயாரித்தல்' என்ற தொழிற்பிரிவு வந்து சேர்ந்தது. சொல்லித் தரத்தான் ஆள் கிடைக்கவில்லை. வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்த வாசுதேவனைப் பிடித்துத் தற்காலிகமாகப் போட்டார்கள். பானிபட் போர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய அவன், ஒரு வருஷமாக, 'சமைத்தல் என்பது உணவுப் பொருள்களின் மீது வெப்பம் செயல்படும் முறையாகும்' என்று நோட்ஸ் கொடுத்து வந்தான். பையன்கள் மனப்பாடம் செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் அடுப்பு கிடையாது.

இரண்டாம் வருஷத்தில் பையன்கள் வெளியே ஓர் இடத்தில் வேலை பழகியாக வேண்டும். பழகாவிட்டால் அந்தப் பிரிவையே எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் வாசுதேவன் வீட்டில் உட்கார வேண்டியதுதான். கூடுவாஞ்சேரியில் அவனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வாத்தியார் என்பது ஒன்றுதான் பெண் வீட்டாருக்கு அவனிடம் பிடித்த விஷயம்.

"அப்பாசாமிகிட்ட என்னதான் சொன்னீங்க?" என்று கேட்டான்.

"இன்னா சொல்லப் போறேன்? 'இஸ்கூல்லருந்து அஞ்சு பசங்க வர்றாங்க அண்ணாத்த, உனக்குத் தெரிஞ்ச வேலையெல்லாம் ஒண்ணு வுடாம கத்துக் குடுத்துடு'ன்னேன். அவ்ளோதான்."

மூலையில் மசாலா அரைத்துக்கொண்டிருந்த வேண்டா, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அதான் விஷயம். 'ஒருத்தன் வேலைக்கு அஞ்சு பேர இட்டாறானுங்க, எல்லாத்தையும் கத்துக் குடுத்துட்டு நான் எங்க போறது'ன்னு தானா பேசிக்கினே துண்ட ஒதறித் தோள்ல போட்டுகினு போய்ட்டாரு."

"அத மொதல்லயே சொல்றதுக்கின்னா?"

"நீங்க கேக்கவே இல்லியே. அண்டாக்குள்ள தேடிகினு இருந்தீங்க."

இதற்குள் சாம்பாரிலிருந்து வேறு மாதிரி வாசனை வரத் தொடங்கியது. வாசுதேவன் திரும்பி, "மாயவா, சாம்பாரைப் பாருடா!" என்றான்.

மாயவன் போய்ப் பார்த்தான். "பாத்துட்டேன் சார்."

"இறக்குடா!"

"எங்க குப்பத்துல ஆம்பளைங்க அடுப்பாண்ட போவ மாட்டோம் சார். வல, படகு, அவ்ளோதான்."

வரிசையிலிருந்து சடையனும் தனக்கோடியும் துணைக்கு ஓடினார்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் சாம்பாரில் பாதி சாக்கடைக்குப் போயிற்று. மீதியில் ஏசுதாஸ் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். அதுவும் அங்கேயே போயிருக்கலாம் என்று அவர் முகம் சொன்னது.

வெளியே டூரிஸ்ட் பஸ் ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது.

"போச்சு" என்றார் ஏசுதாஸ். "இன்னிக்கு என்னையே வெட்டி கொழம்பு வெச்சிடுவானுங்க. சார், பசங்கள இட்டுகினு கெளம்புங்க. ட்ரெய்னிங்கும் வேணா, ஒண்ணும் வேணா."

கிளம்பினால் பிரிவு போயிற்று, வேலை போயிற்று, கூடுவாஞ்சேரியும் போயிற்று. வாசுதேவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். செங்கல்பட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்ததில் தனக்கு மட்டும் சமைத்துக்கொள்ள அவனுக்குத் தெரியும். ஒரு வாத்தியாருக்கு ஒரு சிட்டிகை உப்பு என்றால் ஒரு பஸ்ஸுக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை அள்ளிப் போட்டான்.

பஸ்ஸில் வந்தவர்கள் சாப்பிட்டார்கள். காலையிலிருந்து குகைக் கோயில்களை ஏறி இறங்கிய பசியில் எதைப் போட்டாலும் சாப்பிட்டிருப்பார்கள் என்பது வாசுதேவனுக்குத் தோன்றவில்லை. தப்பித்தோம் என்று மட்டும் தோன்றியது. அப்பாசாமி கோபம் தணிந்து திரும்பி வரும்வரை சமாளித்துவிடலாம் என்று நினைத்தான்.

லாட்ஜ் ஆபீசிலிருந்து தலைமையாசிரியருக்குப் போன் போட்டான்.

"பசங்க எப்படிய்யா இருக்காங்க?"

"ரொம்ப ஆர்வமா கத்துக்கறாங்க சார்" என்றான். பையன்கள் அப்போது கடலில் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். "நானும் ரெண்டு நாள் கூட இருந்தா நல்லா அமைஞ்சிடும்னு நெனைக்கிறேன்."

"அப்ப இங்க உன் லெவன்த் கிளாஸ்? சும்மா உக்காந்து பெஞ்சைத் தட்டிக்கிட்டிருக்கானுங்களே."

"ரெண்டே நாள்தான் சார்."

"சரி சரி, நீ அங்கயே இரு. இங்க ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கறேன்." எதிரில் யாரையோ உட்கார வைத்துக்கொண்டு பேசுகிறவர்போல அவசரமாகப் போனை வைத்துவிட்டார்.

அப்பாசாமியைச் சமாதானம் செய்து கூட்டிவரும்படி தனக்கோடியையும் சடையனையும் பூஞ்சேரியிலிருந்த அவர் வீட்டுக்கு அனுப்பினான். இரண்டு பேரும் தனியாகத்தான் திரும்பி வந்தார்கள்.

"வூட்ல இல்ல சார். பொட்டியிலருந்து இஸ்திரி போட்ட சட்டைய எடுத்து மாட்டிகினு செங்கல்பட்டு பஸ் ஏறிட்டாராம்" என்றான் தனக்கோடி. "'நேரா போயி நாயம் கேக்காம வுட மாட்டேன்'னு சொல்லிட்டுப் போனாருன்னு அவரு சம்சாரம் சொல்லிச்சு."

ஏசுதாஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "லேபர் ஆபீஸ்! வேற எங்க போவான்? சம்பளம் குடுக்காம அஞ்சு பசங்கள வெச்சு வேல வாங்குறேன்னு எழுதிக் குடுத்துருப்பான். பேஜாரா போச்சே நைனா!"

"இது பயிற்சிதானே?"

"நீங்க சொல்றீங்க பயிற்சின்னு. லேபர் ஆபீசரு கண்ணுக்குப் பயிற்சியும் வேலையும் ஒண்ணாதான தெரியும்? கரண்டிய புடிச்சா வேலதான். இனிமே ஒரு பையன் அடுப்படிப் பக்கம் தலை காட்டக் கூடாது. எல்லாரும் ஹால்ல போயி கஸ்டமர் மாதிரி உக்காருங்க."

சடையன் கையைத் தூக்கினான். "கஸ்டமர்னா எதனா சாப்புடணுமே சார்?"

அதை யாரும் யோசித்திருக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஐந்து பேரும் சன்னலோர மேஜையில் உட்கார்ந்து பயிற்சி பெற்றார்கள். காலையில் நாஸ்தா, மத்தியானம் சாப்பாடு, நடுவில் போரடித்தால் பஜ்ஜி. சமையலறையில் வேண்டா அரைக்க, வாசுதேவன் கிண்டினான். சட்டையும் பேண்ட்டும் கரியானதால் அப்பாசாமி விட்டுப் போன லுங்கியையும் கை வைத்த பனியனையும் மாட்டிக்கொண்டான். அன்று சாயந்திரமே மாயவன் ஹாலிலிருந்து குரல் கொடுக்க ஆரம்பித்தான்.

"சார், ரெண்டு பூரி!"

"வரேண்டா" என்றான் வாசுதேவன். என்றபிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது.

மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அரசாங்க ஜீப். கண்ணாடி போட்ட ஒருவர் கையில் ஃபைலோடு இறங்கினார்.

ஏசுதாஸ் சமையலறைக்குள் பாய்ந்தார். "யாரு சார் இது? உங்காளா, எங்காளா?"

வாசுதேவன் சன்னல் வழியாகப் பார்த்தான். கல்வி இலாகாவிலிருந்து யாராவது பார்வையிட வரலாம் என்று தலைமையாசிரியர் முன்பே சொல்லியிருந்தார். கல்வி அதிகாரியானால் பையன்கள் அடுப்பங்கரையில் இருந்தாக வேண்டும். லேபர் அதிகாரியானால் இருக்கவே கூடாது. ஆனால் கண்ணாடியும் ஃபைலும் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தன.

"தெரியலையே. பசங்களை உள்ளே கூப்பிடட்டுமா?"

ஏசுதாஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், யோசிங்க. பசங்க உள்ள இருந்து, வந்தவரு லேபர் ஆபீசரா இருந்தா என்னைய உள்ள வெச்சிடுவாங்க. பசங்க வெளிய இருந்து, அவரு உங்காளா இருந்தா உங்க வேலதான் போவும்."

"வேலைதான் போகுமா?"

"அப்ப வெளியவே இருக்கட்டும்" என்று முடிவு செய்து, பல்லெல்லாம் தெரிய வாசலுக்கு ஓடினார் ஏசுதாஸ்.

வந்தவர் கல்வி இலாகாக்காரர்.

"தொழிற்பயிற்சி மாணவர்களைப் பார்வையிட வந்தேன். எங்கே இருக்காங்க?"

ஏசுதாசுக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே போயிற்று. சன்னலோர மேஜையில் ஐந்து இலைகளும் நிறைந்திருந்தன. மாயவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான்.

"இவங்கதான் சார். இது வந்து... பரிமாறுற பயிற்சி. மொதல்ல உக்காந்து சாப்ட்டுப் பாத்தாதான பரிமாற வரும்?"

"சமைச்சது?"

"அதுவும் இவங்கதான். காலங்காத்தாலயே முடிச்சுட்டாங்க."

அதிகாரி மாயவன் பக்கம் திரும்பினார். "எழுந்திருப்பா. சமைத்தல் என்றால் என்ன?"

மாயவன் சோற்றுக் கையோடு எழுந்து, வெப்பத்தில் ஆரம்பித்து வைட்டமினில் முடித்தான். நடுவில் மூச்சே விடவில்லை. அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தனக்கும் ஓர் இலை போடச் சொன்னார். சாம்பாரை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று நாளாக வேறு வேலையே செய்யாததால் வாசுதேவனுக்கு அது நன்றாகவே வரத் தொடங்கியிருந்தது.

"பாடமும் வருது, சாம்பாரும் வருது. இப்படித்தான் இருக்கணும்! சொல்லிக் குடுத்த மாஸ்டரைக் கூப்பிடுங்க."

லுங்கியும் பனியனும் தலையில் துண்டுமாக வாசுதேவன் வந்து நின்றான். கரண்டியைக் கீழே வைக்க மறந்திருந்தான்.

"உன் பேரு என்னப்பா?"

"வாசு..."

ஏசுதாஸ் இருமினார். "அப்பாசாமி, சார். ரொம்ப நாளா இங்கதான் கீறாரு."

"அப்பாசாமி, பசங்களை அருமையா பழக்கியிருக்கே. உன்னை மாதிரி ஆளுங்கதான் நாட்டுக்கு வேணும். ஆமா, இவங்ககூட வந்த வாத்தியார் எங்கே?"

ஐந்து தலைகளும் ஒரே சமயத்தில் வாசுதேவன் பக்கம் திரும்பின.

"போஸ்டாபீஸ் வரைக்கும் போயிருக்காருங்க" என்றான் வாசுதேவன்.

"பாத்தீங்களா மேனேஜர்? இந்த ஆள் அடுப்படியில வேகறான். சம்பளம் வாங்கற வாத்தியார் ஊர் சுத்தறார். இவங்களாலதான் நல்ல திட்டமெல்லாம் கெட்டுப் போகுது."

"ஆமாங்க. வந்ததுலருந்தே அப்படித்தாங்க" என்றார் ஏசுதாஸ், மரியாதைக்காக. வாசுதேவனும் தலையை ஆட்டினான்.

அதிகாரி கை கழுவிக்கொண்டு, இவ்வளவு நல்ல பயிற்சியை இரண்டு வாரத்தோடு நிறுத்தக் கூடாது, ஒரு மாதமாக நீட்டிக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் இன்றே பேசுவதாகச் சொன்னார். பையன்கள் கைதட்டினார்கள். ஜீப் கிளம்பிப் போயிற்று.

வாசுதேவன் அடுப்பருகே போய் உட்கார்ந்தான். பிரிவு பிழைத்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு யார் கிண்டுவது? அப்பாசாமி எங்கிருந்தாலும் அவர் காலில் விழுந்தாவது கூட்டிவந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தான்.

மறுநாள் மத்தியானம் பள்ளி பியூன் லட்சுமணன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசுதேவனின் லுங்கியையும் பனியனையும் மேலும் கீழும் பார்த்தார். இலையைப் போடச் சொல்லி உட்கார்ந்தார்.

"ஹெச்.எம். என்ன சொன்னார், லட்சுமணன்?"

"ரொம்ப சந்தோசமா கீறாரு சார். நீங்க அவசரப்பட்டு வர வேணாமாம். மாசம் முச்சூடும் இங்கயே இருக்கச் சொன்னாரு."

"என் கிளாஸ்?"

"அதுக்குப் புதுசா ஒர்த்தரப் போட்டாச்சு. நீங்க வந்த அன்னிக்கே சேந்துட்டாரு. ஸ்டவ்வ கிளாசுக்கே எடுத்தாந்து பாடம் நடத்துறாரு சார். பசங்க மணி அடிச்சாலும் எழுந்திரிக்க மாட்றானுங்க. நேத்து சாயந்திரம் இங்க வந்துட்டுப் போன ஆபீசரு அங்கயும் வந்தாரு. பேரச் சொன்னதுமே 'அடேடே, ரொம்ப நல்ல பேராச்சே, இவரையே வெச்சுக்குங்க'ன்னுட்டாரு."

வாசுதேவன் கரண்டியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். "யாருங்க அது? எந்த ஊர்க்காரர்? என்ன படிச்சிருக்கார்?"

லட்சுமணன் சாம்பாரைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"அதெல்லாம் எனக்கின்னா தெரியும் சார்? உங்க கிளாச அவரு நல்லா பாத்துக்குவாராம்; அவரு அடுப்ப மட்டும் நீங்க கொஞ்சம் பத்திரமா பாத்துக்கணுமாம்."